பின்னால் வரும் கால்

மார்கழி மாதத்தில் சூளகிரி மலை காலை எட்டரை மணி வரைக்கும் இருக்காது. பனி அதை எடுத்து வைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் லாரிகளின் சத்தம் மட்டும் வரும், லாரிகள் தெரியாது. ஓசூருக்குப் போகிற கம்பெனி பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும். முப்பத்தொரு வருஷம் நானும் அதில் ஒன்றில் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கியபடி போனேன் என்பது, வாசலில் நின்று பார்க்கும்போது வேறு யாருக்கோ நடந்ததாகத் தோன்றும். அப்படி ஒரு காலையில்தான் பால் பாக்கெட்டோடு வீட்டுக்குள் திரும்பியபோது என் இடது கால் கட்டைவிரல் நிலைப்படியில் தட்டியது.

பெரிய இடி ஒன்றுமில்லை. உடம்பு உள்ளே போய்விட்டது, கால் வெளியே நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நான் எங்கேயும் இல்லாமல் இருந்தேன். பிறகு கை தானாகப் போய்க் கதவு நிலையைப் பிடித்தது. பால் பாக்கெட் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு சில்லென்று இருந்தது. அடுப்படியில் நின்ற என் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். அதுவும் படியின் மேல். இருபத்தொன்பது வருஷமாகத் தாண்டுகிற படி, ஒரு நாள்கூட வம்புக்கு வந்ததில்லை. பனியில் மரம் ஊதியிருக்கும் என்று முடிவு கட்டினேன். வேங்கை மரம் அவ்வளவு சீக்கிரம் ஊதாது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததெல்லாம் அந்த நேரத்தில் உதவிக்கு வந்துவிடுகிறதா என்ன?

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் இன்ஸ்பெக்டராக இருந்தவன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. இரும்பில் ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் ஓரமாக வைத்துவிடுவேன். அங்கே எங்களுக்கு ஒரு விதி உண்டு. அளவு தப்பாக வந்தால் முதலில் அளக்கிற கருவியைச் சந்தேகப்பட வேண்டும், பிறகுதான் பொருளை. புதிதாக வருகிற யாரிடமும் நான் முதல் நாள் இதைத்தான் சொல்வேன், அதுவும் கொஞ்சம் அதட்டலாக. அப்படிப்பட்ட நான், அன்றைக்கு என் மனைவி பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போன நேரம் பார்த்து, ஸ்டீல் ஸ்கேலையும் ஸ்பிரிட் லெவலையும் எடுத்துக்கொண்டு நிலைப்படிக்கு முன்னால் மண்டியிட்டேன்.

நூற்றுப் பதினான்கு மில்லிமீட்டர். வீடு கட்டும்போது தச்சரிடம் நான் சொன்ன நாலரை அங்குலம், அப்படியே. இடது பக்கம், நடு, வலது பக்கம் மூன்றிலும் அளந்தேன். லெவலில் குமிழி நடுவில் வந்து அமைதியாக நின்றது. சரி, வெளியே டைல்ஸ் இறங்கியிருக்கும் என்று அதையும் பார்த்தேன். இறங்கவில்லை. எழுந்திருக்க நிலையைப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போதும்கூட என் காலை நான் சந்தேகப்படவில்லை.

அந்தப் படியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிலை வைத்த அன்று அதன் அடியில் நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது என் மனைவிதான். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விடிவதற்குள் படியைக் கழுவி, முழுக்க மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைப்பாள். யாரும் அதை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் வர வேண்டும். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரிடம் தெலுங்கிலும், கொரியர்காரரிடம் கன்னடத்திலும், என்னிடம் தமிழிலும் இதைச் சொல்லியிருக்கிறாள். எங்கள் மகள் சின்ன வயதில் அதில் உட்கார்ந்து புத்தகம் படித்ததற்காக முதுகில் அடி வாங்கியிருக்கிறாள். உள்ளே வரும்போது வலது கால் முதலில். அதனால் என் இடது கால் எப்போதும் இரண்டாவதாகத்தான் வந்திருக்கிறது, யார் கண்ணிலும் படாமல்.

மகள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். பதினோராவது மாடி. தீபாவளிக்கு வந்திருந்தபோது பின்தெருவில் ஒரு வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்தாள். அங்கே இருந்தவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மகன் வீட்டோடு போய்விட்டார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் கோபமே இல்லாமல் சொன்னாள், உங்கள் இரண்டு பேரில் யார் ஒரு தடவை தடுக்கி விழுந்தாலும் இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் கூட்டிப் போய்விடுவேன் என்று. அவள் வீட்டில் படிகளே இல்லையாம். வாசலிலும் இல்லை, லிஃப்டிலும் இல்லை, எல்லாம் ஒரே மட்டம். பேச்சில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அவள் போன பிறகு என் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "என்ன அங்க கூட்டிக்கிட்டுப் போயிறாதீங்க."

"எங்கயும் போக மாட்டோம்" என்றேன். வாக்குக் கொடுப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது அன்றைக்கு. அந்த வாக்கு இப்போது ஒரு கட்டைவிரலின் மேல் நின்றுகொண்டிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. ஆவணியில் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தோம். நன்றாக ஆகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் கார்த்திகை பிறந்ததும் அவள், சாயங்கால வெளிச்சத்தில் ரோடு சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தாள். தெருமுனை வந்ததும் என் கையைப் பிடித்துக்கொள்வாள். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் தெருவில் அவள் என் கையைப் பிடித்ததே இல்லை. எனக்கு உள்ளூரப் பெருமை. கொத்தமல்லி மண்டி வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டிப் போவேன். அந்தக் கை பிடித்திருக்கிற ஆளின் கால் தட்ட ஆரம்பித்திருக்கிறது என்றால், அவளை யார் பிடிப்பது?

மண்டிக்கு எதிரில் ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. அங்கே உட்கார்ந்தால் ஊரெல்லாம் கொத்தமல்லி, புதினா வாசனைக்குள் மிதக்கும். லாரிகளில் ஏற்றுவதற்காகக் கட்டுகள் தரையில் கிடக்கும், குறுக்கே கயிறுகள் ஓடும். அந்த மார்கழியில் நான் முகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், கால்களை மட்டும் பார்த்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் போனில் பேசிக்கொண்டே கட்டுகளைத் தாண்டினார்கள், அவர்களுடைய கால்களுக்குத் தனியாகக் கண் இருந்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டினார்கள். என் வயதுக்காரர்கள் இரண்டு அடி முன்னாலேயே வேகத்தைக் குறைத்தார்கள். கயிற்றைப் பார்த்தார்கள், எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்தார்கள், பிறகு தேவைக்கு மேல் உயரமாக முன்காலைத் தூக்கிக் கவனமாக வைத்தார்கள். அவ்வளவு கவனத்தையும் முன்காலுக்கே செலவழித்துவிட்டுப் பின்காலை மறந்துவிட்டார்கள். அது தரையோடு தரையாக வந்து கயிற்றைத் தொட்டுக்கொண்டு போயிற்று.

ஒரு சாயங்காலம் அவளோடு திரும்பி வரும்போது நானும் அதே கயிற்றுக்கு இரண்டு அடி முன்னால் நின்றேன். அந்த நேரம் பார்த்து அவள் என் கையை அழுத்திக் கொஞ்சம் மேலே தூக்கினாள். கயிறு அவளுக்குத் தெரியவில்லை போல, பயந்துவிட்டாள் என்று நினைத்து, "பயப்படாத, நான் இருக்கறன்" என்றேன்.

மதியத் தூக்கத்தில் அந்த நாட்களில் ஒரே கனவு வந்தது. டூல் ரூமின் மஞ்சள் கோடுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பேன். தரையில் காற்றுக் குழாய் கிடக்கும், இரும்புச் சீவல் நிறைந்த தட்டு கிடக்கும், தள்ளுவண்டியின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் கால் தானாக எழும். எழுந்த கால் கீழே இறங்காது. நானும் அவசரப்படாமல் அப்படியே போய்க்கொண்டிருப்பேன். மெஷின்கள் சத்தமில்லாமல் சுற்றும், கூரைத் தகடு வழியாக விழும் வெயிலில் எண்ணெய்ப்புகை நீலமாக நிற்கும். விழித்துப் பார்த்தால் போர்வைக்குள் இடது கால் விரல்கள் மட்டும் எதையோ தாண்டிக்கொண்டிருக்கும். கனவில் பார்த்த அந்த நீலத்தால்தான் எனக்கு யோசனை வந்தது.

டூல் ரூமில் இரண்டு இரும்புகள் எங்கே உரசுகின்றன என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றில் ப்ளூ என்கிற நீல மையை மெல்லிசாகத் தடவி இன்னொன்றை அதன் மேல் வைத்து எடுப்போம். தொட்ட இடத்தில் நீலம் ஒட்டியிருக்கும். அது பொய் சொல்லாது, தாட்சண்யமும் பார்க்காது. ரிட்டையர் ஆனபோது மேஜை டிராயரைக் காலி செய்து கொண்டுவந்த டப்பாவில் ஒரு டியூப் இன்னும் இருந்தது. ஒரு திங்கட்கிழமை, அவள் குளிக்கப் போனதும், நிலைப்படியின் வெளி விளிம்பில் அதை விரலால் தடவினேன். வெள்ளிக்கிழமை மஞ்சள் உதிர்ந்துபோயிருந்த அந்தக் கருத்த மரத்தில் நீலம் தெரியவே இல்லை.

அன்று காரணமில்லாமல் பத்து தடவை வெளியே போய் உள்ளே வந்தேன். பேப்பர் எடுக்க, செருப்பைத் திருப்பி வைக்க, வானத்தைப் பார்க்க. ஒவ்வொரு தடவையும் ஹாலில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்துத் துடைப்பேன். முதல் மூன்று தடவை சுத்தம். நான்காவது தடவை கட்டைவிரல் நகத்துக்குக் கீழே ஒரு நீலக் கீறல். பத்தில் நான்கு. நான்கும் இடது கால். அவளும் அன்று முழுக்கப் போய் வந்துகொண்டிருந்தாள். துணி காயவைத்துவிட்டு உட்கார்ந்தபோது அவள் பாதங்களைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். மெட்டி பளிச்சென்று இருந்தது, ஒரு பொட்டு நீலம் இல்லை.

பத்தில் நான்கு என்றால் எங்கள் வேலையில் அந்தப் பொருளைப் பற்றிப் பேசவே மாட்டோம், தூக்கி ஓரமாக வைத்துவிடுவோம். நான் ஹாலில் உட்கார்ந்து என் காலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. வலிக்காக அல்ல. இந்தக் கால் சொல்லாமல் கொள்ளாமல் ஒவ்வொரு நாளும் ஒரு மயிரிழை தாழ்ந்துகொண்டே வந்திருக்கிறது, நான் அதன் மேல் நின்றுகொண்டு ஊரை அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அந்த மையில் ஒரு சிக்கல் உண்டு. லேசில் போகாது. சோப்பு, தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டும் நகக்கண்ணில் நீலம் தங்கிவிட்டது. குளிர் என்று சாக்குச் சொல்லி வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டேன். டைல்ஸ் தரையில் சாக்ஸோடு நடப்பது, கால் சரியில்லாதவன் செய்யக்கூடிய மகா முட்டாள்தனம். வழுக்கி வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் நடந்தேன். பொங்கலுக்கு மகள் வரப்போவதாகப் போன் வந்தது. அதற்குள் காலை எப்படியாவது சரியாக்கிவிடலாம் என்று மொட்டைமாடியில் செங்கல்களை வரிசையாக வைத்துத் தாண்டிப் பழகினேன். கண் பார்க்கிற முன்காலால் நன்றாகவே தாண்டினேன். பின்னால் வருகிற கால்தான் பிடி கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் அவள் என் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். சாக்ஸைக் கழற்றச் சொன்னாள். நான் மழுப்பினேன். அவளே என் இடது காலை மடியில் எடுத்து வைத்துக் கழற்றினாள். நீல நகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். படியைத் துடைத்த துணியில் நீலம் வந்தபோதே தெரிந்துவிட்டதாம். இதற்குப் போய் மையெல்லாம் எதற்கு என்று கேட்டாள். பிறகு சொன்னாள்:

"கார்த்திகையில இருந்து பாக்கறன். வெள்ளிக்கெழம மஞ்ச பூசுனா, சாயங்காலத்துக்குள்ள உங்க எடது கால் வெரலு அதுல இருக்கும். வெளக்கு வைக்கறதுக்குள்ள அழிச்சுட்டு, மறுபடி பூசிருவன்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் என் காலை மடியிலிருந்து இறக்கவில்லை.

"சொன்னா நீங்க நடக்கறதயே நிறுத்திருவீங்க" என்றாள்.

அந்த வார்த்தைக்கு முன்னால் என் கோபம் சப்பென்று அடங்கிவிட்டது. அவள் சொன்னது சரி. நான் ஓரமாக வைக்கிற ஆள். என்னையே தூக்கி ஓரமாக வைத்திருப்பேன். வெட்கமாக இருந்தது. அதற்கும் அடியில், பல நாள் மூட்டையை யாரோ தோளிலிருந்து வாங்கிக்கொண்ட நிம்மதியும் இருந்தது. தச்சரைக் கூப்பிட்டுப் படியை அறுத்து எடுத்துவிடலாம் என்றேன். அறுக்கக் கூடாது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டு எழுந்து போனாள்.

அன்று மாலை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் என் பழைய புத்தி மெதுவாக வேலை செய்தது. மஞ்சளில் ஒரு விரல் உரசிய தடம் எவ்வளவு இருக்கும்? ஒரு கீறல். நான் டியூப் லைட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டிய அளவு. அதை அவள் சாயங்கால மங்கலில், விளக்கு வைப்பதற்கு முன், நின்றபடியே பார்த்திருக்கிறாள். அந்தக் கண்ணுக்கா ரோடு தெரியவில்லை? கயிற்றுக்கு முன்னால் அவள் என் கையைத் தூக்கியது ஞாபகம் வந்தது. ரோடு தெரியவில்லை என்று அவள் சொல்ல ஆரம்பித்ததும் கார்த்திகையில்தான். நான் அவளைக் கூட்டிப் போனதாக நினைத்துக்கொண்டிருந்த அத்தனை சாயங்காலங்களும் கொத்தமல்லி வாசனையோடு என் முன்னால் ஒவ்வொன்றாகத் திரும்பி நின்றன. எல்லாவற்றிலும் அவள்தான் என்னைக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பனியில் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். படிக்கு இரண்டு அடி முன்னால் வழக்கம் போல நின்றேன். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் படி முழுக்க மஞ்சள் பூசியிருக்கவில்லை. இரண்டு ஓரங்களிலும் மஞ்சளும் குங்குமமும் ஈரத்தோடு இருந்தன. நடுவில் சுத்தமாகக் கழுவிவிட்ட மரம் வெறுமனே இருந்தது, ஒரு பாதம் தாராளமாக வைக்கிற அகலத்துக்கு. கேஸ்காரரையும் கொரியர்காரரையும் பெற்ற மகளையும் மிதிக்க விடாதவள் உள்ளே நின்றிருந்தாள்.

"மிதிச்சு ஏறி வாங்க" என்றாள்.

எனக்குக் கால் கூசியது. வலது காலைப் படியின் மேல் வைத்தேன். குளிர்ந்த மரம். இடது கால் பின்னால் எழுந்து வந்து அதன் பக்கத்தில் நின்றது, எதையும் தாண்ட வேண்டியில்லாமல். அந்த உயரத்திலிருந்து என் வீட்டை நான் பார்த்ததே இல்லை. பிறகு இறங்கினேன்.

பொங்கலுக்கு மகள் வந்தாள். நான் படியை மிதித்து இறங்குவதைப் பார்த்தவள் சட்டென்று அவள் அம்மாவைப் பார்த்தாள், அடி விழப்போகிறது என்பது போல. அம்மா கரும்பை வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் குனிந்து நடுவிலிருந்த வெறும் மரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அப்பா, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். உள்ளதை உள்ளபடி சொன்னேன், பத்தில் நான்கு என்பது வரைக்கும். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட வேண்டும், அந்தச் சாக்ஸைத் தூக்கி எறிய வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பெங்களூர்ப் பேச்சை அந்த முறை எடுக்கவில்லை. ஒருநாள் எடுப்பாள், எனக்குத் தெரியும்.

அவள் கார் புறப்பட்டுப் போன சாயங்காலம் நாங்கள் மண்டிப் பக்கம் கிளம்பினோம். நான் படியில் கால் வைத்து இறங்கி நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவள் நன்றாகத் தாண்டக் கூடியவள். அவளும் நடுவில் கால் வைத்து மிதித்து இறங்கினாள். தெருமுனையில் லாரி விளக்குகள் பனிக்குள் மஞ்சளாக வந்து போயின.

"கண்ணு சரியாத் தெரியல. கையக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன்.